வெண்டல் டோர்விக்கின் ஆடாத ரம்பம்

உட்காரும் முன் நாற்காலியை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார் வெண்டல் டோர்விக். ஆடினால் உட்கார மாட்டார். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பென்சிலை எடுத்து, ஆடுகிற காலில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வேறு நாற்காலி தேடுவார். அமெரிக்காவின் துலூத் நகரில், லூத்தரன் தேவாலயத்து அடித்தளத்தில் சனிக்கிழமைதோறும் மரவேலைச் சங்கம் கூடுகிறது. அந்த அறையில் அவர் குறி விழாத நாற்காலிகள் இரண்டோ மூன்றோதான்.

முப்பத்தோரு ஆண்டுகள் கட்டட ஆய்வாளராக இருந்தவர். ஊரில் பாதி வீடுகளின் படிக்கட்டுகள் அவர் கால் உதைத்துப் பார்த்தவை. யார் எதைத் தவறாகச் செய்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: “தாள படிச்சியா?”

இந்தப் பனிக்காலம் சங்கத்தார் ரம்பம் செய்ய ஆளுக்கொரு பெட்டி வரவழைத்தார்கள். உள்ளே பல் வைத்த ஓர் அலகு, இரண்டு பித்தளைப் பிடிகள், ஒரு சுருள் கயிறு, ஒரு செய்முறைத் தாள். மரச்சட்டத்தை அவரவரே செய்துகொள்ள வேண்டும். செங்குத்தாக இரண்டு மரக் கைகள், அவற்றை இணைக்கும் நடுக்கட்டை, கீழே அலகு, மேலே கயிறு. ஒரு குச்சியால் கயிற்றை முறுக்கினால் கைகளின் மேல்முனைகள் நெருங்கும், கீழ்முனைகள் விலகும், அலகு விறைக்கும்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ் முதல் வாரமே அலகைப் பற்கள் மேலே பார்க்கத் தலைகீழாக மாட்டிக் கொண்டுவந்தாள்.

“மார்லிஸ், கூரைய அறுக்கப் போறியா? தாள படிச்சியா?”

அறையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே கழற்றித் திருப்பி மாட்டினாள்.

தாளைப் படிக்காதவர் வெண்டல்தான். சட்டம் செய்ய அவருக்குத் தாள் எதற்கு? உளியால் துளை எடுத்து நடுக்கட்டையைச் செருகினார். ஒரு மயிரிழை ஆடியது. ஆடுவதை அவரால் எப்படிப் பொறுக்க முடியும்? பசை வைத்து இறுக்கிவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் காலை கயிற்றை முறுக்கினார். கயிறு முனகியது. சட்டத்தின் கைகள் அசையவில்லை. அலகு துணிக்கொடி போலத் தொய்ந்தே கிடந்தது. கராஜில் கம்பளிக் கோட்டோடு நின்றபடி அப்போதுதான் தாளைப் பிரித்தார். மூன்றாவது வரி: இந்த இணைப்பில் பசை கூடாது, கைகள் ஆட வேண்டும்.

“என்னாச்சு, முடிஞ்சுதா?” என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி ஜோயன்.

“முடிஞ்சுது” என்றார். தாளை நான்காக மடித்துப் பின்பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சங்கத்து மேசையில் அவர் ரம்பம் கிடந்தது. “முறுக்கிக் காட்டேன்” என்றார் சங்கத் தோழர் ராய்.

“வேலை இல்லாதப்ப முறுக்கி வெச்சா மரம் சோர்ந்துடும்” என்றார் வெண்டல். அது உண்மைதான். அதனாலேயே சொல்லும்போது நாக்கு கசந்தது.

ராய் இணைப்பில் விரல் ஓட்டிப் பார்த்தார். “ஒரே மரத்துல செதுக்கின மாதிரி இருக்கு. முப்பத்தோரு வருஷம் சும்மாவா.”

வெண்டலின் காதுமடல் சிவந்தது. தட்டிலிருந்த எலுமிச்சை இனிப்பில் ஒன்றை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இன்ஸ்பெக்டர், உன்னோடது பாறை. என்னோடது விழப்போற பல்லு மாதிரி ஆடுது” என்றாள் மார்லிஸ். கயிற்றைத் தளர்த்தி நடுக்கட்டையை உருவினாள். பையிலிருந்து பசைக் குப்பியை எடுத்து மூடியைத் திருகினாள்.

“தாள…” வெண்டல் ஓரடி முன்னால் வந்தார். “தாள படிச்சியா?”

“உன் வாய்க்குப் பயந்து ரெண்டு தடவை படிச்சேன். பசை கூடாதுன்னுதான் போட்டிருக்கு. ஆனா உன்னோடது ஆடலையே. நான் தாள நம்பறதா, உன்ன நம்பறதா?”

குப்பி துளைக்கு மேல் சாய்ந்தது.

வெண்டல் இனிப்பைக் கீழே வைத்தார். அவள் கையிலிருந்து குப்பியை வாங்கி மூடினார். அவள் ரம்பத்தைக் கோத்து, அலகு விரல் பட்டால் ஒலிக்கும் வரை கயிற்றை முறுக்கி, அவளிடமே கொடுத்தார்.

“என்னோடத ஒட்டிட்டேன்” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

பிறகு தன் ரம்பத்தை மேசையோரத்து இறுக்கியான வைஸில் இறுக்கிவிட்டு மஞ்சள் பென்சிலை எடுத்தார். பசை இறுகிய இணைப்பை ஒட்டி, நடுக்கட்டையின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, அவள் தன் ரம்பத்தால் அந்த இடத்தில் அறுப்பதற்கு வழிவிட்டு விலகி நின்றார்.