சுன்-ஹோ படகின் ஆயில் பிரஷர்

துங்காங் துறைமுகத்தில் அது ஒரே கடைதான், பலகைதான் இரண்டு. இடப்பக்கம் ‘படகு எஞ்சின் உதிரி பாகங்கள்’. அது தெக்-ஹோக்கின் பாதி. வலப்பக்கம் ‘எஞ்சின் பழுது பார்க்கப்படும்’. அது அவன் மனைவி கிம்-லியனின் பாதி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்த இரண்டு பாதிகளும் ஒத்துப்போனதாகத் துறைமுகத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எஞ்சினில் கோளாறு என்று யாராவது வாசலில் வந்து நின்றால் அவன் அலமாரிப் பக்கம் திரும்புவான். அவள் தன் பிரஷர் மீட்டரைத் தேடுவாள்.

அளக்காமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற மாட்டாள் கிம்-லியன். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி என்னையும் அளந்துதான் பார்த்தா. எவ்வளவு காட்டுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான் தெக்-ஹோக்.

அக்கா மகள் கல்யாணத்துக்காகக் கிம்-லியன் பத்து நாள் தைசுங் போயிருந்தாள். அந்தப் பத்து நாளும் கடையில் அவன் பாதி மட்டும்தான் வேலை செய்தது. திரும்பி வந்த அன்று காலை, அவள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேப்டன் ஓங் பிங்-சான் வந்து நின்றார்.

"முதலாளியம்மா, உங்க கடையில பாதி இப்ப என் படகுக்குள்ளதான் இருக்கு. மிச்சத்தையும் ஏத்திடலாம்னு உன் வீட்டுக்காரர் சொல்றாரு."

அவருடைய சுன்-ஹோ படகு கிளம்பும்போது ஆயில் பிரஷர் நாலு கிலோ காட்டும். அலைதடுப்புச் சுவரைத் தாண்டி இருபது நிமிஷம் ஓடியதும் ஒன்றரைக்கு இறங்கி, எச்சரிக்கை மணி அலறும். தெக்-ஹோக் முதலில் சென்சாரை மாற்றச் சொன்னான். பிறகு ஃபில்டர். பிறகு பம்ப். மூன்றும் புத்தம் புதுசு. மணி மட்டும் பழையபடியே அலறியது.

மே மாதம். பெரிய சூரை மீன்கள் தெற்கிலிருந்து ஏறி வரும் நேரம். மற்ற படகெல்லாம் போய்விட்டன. சுன்-ஹோ மட்டும் கரையில் கட்டிக் கிடந்தது.

"சாயங்காலக் கடலேத்தத்துல நான் கிளம்பியாகணும். இல்லேன்னா காவ்சியுங் பட்டறைக்கு இழுத்துட்டுப் போக ஆள் சொல்லியாச்சு. அவனுங்க எஞ்சினையே வெளியே தூக்கிடுவானுங்க. இந்த வருஷ மீன் போச்சு."

"நாலு மணிக்குள்ள கண்டுபிடிக்கிறேன்" என்றாள் கிம்-லியன். "கண்டுபிடிச்சு, கடல்ல ஒரு மணி நேரம் மீட்டர் பக்கத்துலயே உக்காந்தும் காட்டுறேன்."

சொன்ன பிறகுதான் பெட்டி இன்னும் கையிலேயே இருப்பதைப் பார்த்தாள். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கலாம்.

படகைத் துறையிலேயே இறுக்கிக் கட்டி, தன் மீட்டரை மாட்டி, எஞ்சினை முழு இழுப்பில் ஓடவிட்டாள். நாலு கிலோ. இருபத்திரண்டாவது நிமிஷம் ஒன்றரை. நிறுத்தினாள். மேலே போய் ஒரு சோற்று உருண்டையைப் பிரித்து நிதானமாகத் தின்றாள். கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி கழித்து மறுபடி ஓட்டினாள். மறுபடி நாலு கிலோ.

அதே நேரம் தெக்-ஹோக் ஒரு அட்டைப்பெட்டியோடு படகில் குதித்தான். "பேரிங் தேஞ்சிருக்கு. அதான். நூத்துக்கு நூறு!"

"உன் நூறை மூணு தடவை பார்த்தாச்சு" என்றாள். "தேஞ்ச பேரிங் அரை மணி தூங்கி எந்திரிச்சா வளர்ந்துடுமா? கெட்ட பம்ப் ஓய்வெடுத்தா சரியாயிடுமா? அடியில எண்ணெயை உறிஞ்சற வாயை ஏதோ வந்து அடைக்குது. எஞ்சின் நின்னதும் விட்டுட்டுக் கீழ விழுது."

எண்ணெயை வடித்து, எஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தோள் வரை கையை விட்டாள். கன்னம் இரும்பில் அழுந்த, கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். உறிஞ்சும் சல்லடைக்குப் பக்கத்தில் விரலில் ஏதோ வழுக்கியது. வெளியே எடுத்தாள்.

தீப்பெட்டி அளவில் ஒரு சிவப்புத் துணிப்பை. கடலில் போகிறவர்களைக் காக்கும் மாச்சோ அம்மன் கோயிலில் காப்புக்காக ஊதுபத்திச் சாம்பல் போட்டுக் கொடுப்பது.

மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திரும்ப எடுத்துப்போக வந்து ஏணியில் நின்றிருந்த கேப்டனின் மனைவி சியோக்-ஹுன் கையிலிருந்த தூக்கை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நீயா?" என்றார் கேப்டன்.

"பருவம் தொடங்குதேன்னு ரெண்டு பை வாங்கினேன். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எஞ்சினுக்கு."

"எனக்கா? என்னோடது எங்க?"

"உங்களோடதை தினம் ஒரு சிட்டிகையா டீயில போட்டேன்."

"அதான் அடியில மணல் மணலா இருந்துச்சா! புது டீத்தூள்னு சொன்னியேடி!"

"எஞ்சினுக்கு ஏன் பையோட போட்ட, அண்ணி?" என்று கேட்டாள் கிம்-லியன்.

"தூளாப் போட்டா ஃபில்டர் அடைச்சுக்கும்ல? அது எனக்குத் தெரியாதா? அதான் எண்ணெய் ஊத்துற வாய் வழியா, ஜாக்கிரதையா பையோடவே போட்டேன்."

கிம்-லியன் பையைக் கழிவெண்ணெய் டப்பாவின் பக்கம் கொண்டுபோனாள்.

"அய்யோ, அம்மனையா அதுல போடப்போற!" சியோக்-ஹுன் ஏணியிலிருந்து பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவளைக் கேக்காம எடுத்ததே தப்பு. கேட்டுட்டுத்தான் வைக்கணும்."

கேட்பதற்கு, வீசி எறிந்து அம்மனின் பதிலைப் பார்க்கும் பிறைக்கட்டைகள் இரண்டு வேண்டும். அவை வீட்டுப் பூஜை மாடத்தில் இருந்தன. போய் வர ஒரு மணி நேரம். மணி மூன்றரை; போனால் ஏற்றம் தவறிவிடும். கேட்காமல் கிளம்பலாம் என்று சொல்வார் என்று கிம்-லியன் கேப்டனைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

தெக்-ஹோக்கின் பெட்டியைப் பிடுங்கி, உள்ளேயிருந்து இரண்டு பேரிங்குகளை எடுத்தாள். பளபளவென்று, அரை வட்டமாக, ஒரு பக்கம் குழிந்து ஒரு பக்கம் புடைத்து இருந்தன. "கேளு அண்ணி. அம்மன் படகை விட்டு இறங்க வேணாம். எஞ்சினை விட்டு மேல வந்து, சுக்கான் அறையில தன் படத்துக்குப் பக்கத்துல உக்காந்தாப் போதும். சம்மதமான்னு கேளு."

சியோக்-ஹுன் முட்டி போட்டு, இரண்டையும் நெற்றியில் வைத்து, வீசினாள். இரண்டும் மல்லாந்து விழுந்தன; சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

"அம்மன் சிரிக்கிறா" என்றார் கேப்டன் ரகசியக் குரலில்.

"சிரிக்காம என்ன செய்வா" என்றாள் கிம்-லியன்.

இரண்டாம் தடவை இரண்டும் குப்புற விழுந்தன. மறுப்பு.

"அது புதுச் சரக்கு! கீறல் விழுந்தா யார் வாங்குவா?" என்று கத்தினான் தெக்-ஹோக்.

"நான் வாங்கித் தொலைக்கிறேன், வாயை மூடுய்யா!" என்றார் கேப்டன். தெக்-ஹோக்கின் முகம் மலர்ந்தது.

மூன்றாவது வீச்சின்போது கிம்-லியன் மூச்சை அடக்கிக்கொண்டாள். எதையும் அளந்து பார்க்கிறவளுக்கு இதை எதில் அளப்பது என்று தெரியவில்லை. ஒரு பேரிங் உடனே குப்புற விழுந்தது. மற்றது தரையில் ஆடி ஆடி, யோசித்து, மல்லாந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே. சம்மதம்.

பிறகு மூடி ஏறியது, புது எண்ணெய் போனது, பை சுக்கான் அறைக்குப் போனது. நாலே காலுக்குக் கயிறு அவிழ்ந்தது.

வாக்குக் கொடுத்தபடி எஞ்சின் அறையில் மீட்டரை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்தாள் கிம்-லியன். இருபது நிமிஷம், நாற்பது, ஒரு மணி. ஊசி நாலிலேயே நின்றது. மேலே வந்தபோது துங்காங் ஒரு கோடாகத் தெரிந்தது.

"சரி கேப்டன், திருப்பு. என்னை இறக்கி விட்டுட்டுப் போ."

"திருப்புறதா? பருவத்தோட முதல் பயணம், படகு மூக்கைத் திருப்பினா ஒரு மீன் விழாது. உனக்குத் தெரியாதா முதலாளியம்மா? கரைக்குப் போற படகு ஏதாவது வரும், ஏத்தி விடுறேன்."

அவள் ரேடியோவை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். "சாப்பாட்டுக்கு வர நேரமாகும்."

"ஊசி எங்க நிக்குது?"

"நாலுல."

கொஞ்சம் கரகரப்பு. "அப்போ... நான் கழட்டின அந்தப் பழைய பம்ப்?"

"அது நல்லாத்தான் இருந்திருக்கு. சென்சாரும்தான்."

"மெதுவா சொல்லு! இது பொது அலைவரிசை, ஊர்ல எல்லாப் படகும் கேக்கும்!"

கரகரப்பு நின்றது. எங்கிருந்தோ ஒரு குரல் பணிவாகச் சொன்னது: "தெக்-ஹோக் அண்ணே, கேட்டுச்சு." இன்னொன்று: "இங்கயும் தெளிவாக் கேட்டுச்சுண்ணே." பிறகு மூன்றாவது. அவள் ஒலிவாங்கியை மாட்டிவிட்டு, எதிரே வந்துகொண்டிருந்த இறால் படகுக்குக் கை காட்டினாள்.