அரியலூர் கடைச் சுவரில் நான்

மருந்தாளுநர்களுக்கு ஆன்லைனில் இலவசப் பயிற்சி என்று ஏதோ ஒரு பயிற்சி நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தபோது, முதலில் உறையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பெரம்பலூர் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? பதிவு எண், வேலை பார்க்கும் கடை, வேலை நேரம் என்று எல்லாவற்றையும் வேறு கேட்டிருந்தார்கள்.

“ஓசியில எவன் பாடம் நடத்துவான்? ஏதோ உள்குத்து இருக்கு” என்றார் கணவர்.

எனக்கும் அதே சந்தேகம்தான். காரணம் இருந்தது. டி.ஃபார்ம் முடித்து நான் வாங்கிய சான்றிதழ் அரியலூரில் ஒரு மெடிக்கலில் தொங்கியது. நான் பெரம்பலூரில் வீட்டோடு இருந்தேன். மருந்தாளுநர் இல்லாமல் கடைக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் சான்றிதழை வாடகைக்கு விடுவது எங்கள் தொழிலில் ஊரறிந்த ரகசியம். காகிதத்தில் மட்டும் நான் தினமும் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பிடிபட்டால் பதிவே போய்விடும்.

பயிற்சியில் சேர்ந்தால் மாட்டலாம். சேராவிட்டால், இவள் ஏன் சேரவில்லை என்று தோண்டலாம். சேர்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் சேலைத் தலைப்பால் கீபோர்டை மூடிக்கொண்டு பாஸ்வேர்டு அடித்தேன். சென்டர்காரர் சிரித்துவிட்டார்.

“மேடம், மருந்துக்கடை வைக்கிற ஐடியா எல்லாம் எனக்கு இல்லீங்க.”

திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடியது. கடையில் இருக்க வேண்டியவள் இங்கே இருப்பதை அது குறித்து வைக்கிறது என்று நினைத்தேன். அதனால் தினமும் ஒன்பதுக்கு முன்பே முடித்து எழுந்துவிடுவேன். ஆனால் பாடம் நன்றாக இருந்தது, அதுதான் கடுப்பு. மறந்தே போயிருந்த மருந்துப் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எனக்கு ஆசை வந்துவிட்டது.

கடைசிப் பாடத்தில் ஒரு கேள்வி: இந்த வாரம் நீங்கள் மருந்தை விளக்கிக் கொடுத்த ஒருவரைப் பற்றி எழுதவும்.

கப்சா விடலாம்தான். கடைக்குப் போன் போட்டு விசாரித்தால்? ஒரு நாளாவது நிஜமாகப் போய் நின்றுவிடுவோம் என்று அரியலூர் பஸ் ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் மாறியது. வாடகையை ஏற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். சும்மாதான் வந்தேன் என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்தார், கண்ணை மட்டும் என்மேலிருந்து எடுக்கவில்லை.

சிமெண்ட் தூசு படிந்த செருப்போடு ஒரு அம்மா சுகர் மாத்திரை வாங்க வந்தார். சீட்டுக்குக் கை நீட்டினேன். அவர் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நீ யாரும்மா? அண்ணன் குடுக்கட்டும்.”

“நான்தாங்க இந்தக் கடை பார்மசிஸ்ட்” என்று சுவரைக் காட்டினேன்.

அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். சாமி படங்களோடு வரிசையில் என் சான்றிதழ், கண்ணாடிக்குள் என் போட்டோ. வெள்ளிக்கிழமை பூஜையில் சாமிகளுக்கு வைத்த சந்தனப் பொட்டையும் பூச்சரத்தையும் எனக்கும் சேர்த்தே வைத்திருந்தார்கள்.

அந்த அம்மா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அடி ஆத்தி! அண்ணனோட சம்சாரம், செத்துப்போயிட்டாங்கன்னுல்ல நெனச்சேன். வரும்போதெல்லாம் கும்புட்டுட்டுப் போவேனே!”

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. நாலு வருடமாக அந்தச் சுவரில் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

“அந்த பிரேமைக் கழட்டிக் குடுங்க.”

அவர் சிரிப்பு நின்றது. “எந்தக் கடையில வாடகை ஜாஸ்தியாத் தரேன்னாங்க?”

“எந்தக் கடையும் இல்லீங்க. இனிமே நானே வேலைக்குப் போகப் போறேன்.”

“பேரை மட்டும் சொல்லுங்க. நானும் அதையே தரேன்.”

நானே ஸ்டூலைப் போட்டு ஏறி இறக்கினேன். பூவை எடுத்துவிட்டு, போட்டோவின் நெற்றியிலிருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தேய்த்தேன். காய்ந்துபோயிருந்தது. லேசில் போகவில்லை.