இரண்டு பங்கிலும் இல்லாத புத்தகம்

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும். இளையவன் முதலில் எடுக்க வேண்டும். வைக்கிறவனுக்குத் தனக்கு எது மிஞ்சும் என்று தெரியாதாகையால் ஒழுங்காக வைப்பான். இதை ஏற்படுத்தியவர் யாரோ, மனுசப் புத்தியை நன்றாக அறிந்தவர். ஆனால் மூத்தவன் ஒரு பொருளை எந்தப் பங்கிலுமே வைக்காமல் போனால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். டவுணில் கீழரத வீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பிக்குக் கோயம்புத்தூரில் மில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணமாகி எட்டு மாதம், பெண் வள்ளியூர்க்காரி. என் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். வீடு எனக்கு, வயல் தம்பிக்கு என்று பத்தமடையிலிருந்து வந்த தாய்மாமா பேசி முடித்தார். பாத்திரம் பண்டம் பிரித்ததில் ஒரு சச்சரவு இல்லை. வெண்கலப் பானையை "நீ வச்சுக்கோ அண்ணே" என்று அவன் தள்ள, "நீ கொண்டு போலே" என்று நான் தள்ள, மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரெல்லாம் சொல்லப்போவதாகச் சொன்னார்.

கடைசியாக மிஞ்சியவை மாடியில் இருந்த இரண்டு தகரப் பெட்டிகள். அவற்றில் சித்திரக்கதைப் புத்தகங்கள், இருநூற்றுப் பதின்மூன்று. அன்று மத்தியானம் தம்பியின் ரயிலுக்கு ஆட்டோ சொல்லியிருந்தது. அதற்குள் பிரித்தாக வேண்டும்.

சிரிக்கத்தான் தோன்றும். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பில் எவனாவது சித்திரக்கதை வைத்திருந்தால் பிடுங்கி மேசைக்குள் போடுவேன். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குள் இதழ் எண்ணைப் பார்த்துக்கொள்வேன். சட்டைக்குள் மறைக்கிற பையன்களைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். வயிறு உள்ளே போயிருக்கும், குனிய மாட்டான், உட்காரச் சொன்னால் ஆணி அடித்தமாதிரி நிற்பான்.

சேர்ப்பதில் தம்பியும் நானும் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வாங்குவது அவன். ஜங்ஷன் நடைபாதைக் கடை, பழைய பேப்பர் கடை, மூடப்போகிற வாடகை நூல் நிலையம் என்று எங்கே எது கிடைக்கும் என்று அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். வேண்டாத ஐந்து புத்தகத்தைக் கையில் எடுத்து அதற்கு மல்லுக்கட்டிப் பேரம் பேசுவான். படிந்ததும், "அண்ணாச்சி, இதையும் சேத்துப் போடுங்க" என்று வேண்டிய ஒன்றைச் சொருகுவான். பிறகு அந்த ஐந்தையும் வேறு கடையில் கொடுத்து இன்னொன்று மாற்றுவான். இருப்பதைக் காப்பது நான். துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு நூலால் தைப்பேன். செல்லோடேப்பைக் கண்டால் எனக்குக் கொலைவெறி வரும். இரண்டு வருடத்தில் தாளை மஞ்சளாக்கித் தின்றுவிடும். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டுவேன். பெட்டிக்குள் வசம்பு முடிச்சு.

இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகத்தை எப்படியும் திரும்ப வாங்கிவிடலாம். ஒன்றை முடியாது. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது வந்த ஒரு தீபாவளி மலர் அது. பதினைந்து வருடமாவது தேடியிருப்போம். தம்பி வள்ளியூருக்குப் பெண் பார்க்கப் போன அன்று, சந்தையில் ஒரு கடலைக்காரரின் தள்ளுவண்டியில் அது கிடந்தது. முதல் தாளைக் கிழித்து அப்போதுதான் யாருக்கோ பொட்டலம் போட்டுக் கொடுத்திருந்தார். தம்பி புத்தகத்தை வாங்கிக்கொண்டு அந்த ஆளைத் துரத்திப் பிடித்து, புதுப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்து, எண்ணெய் ஊறிய அந்தத் தாளை மீட்டான். பெண் வீட்டில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை கையில் எண்ணெய்த் தாளோடு வந்து நின்றார். அதற்கப்புறமும் அந்தப் பெண் சம்மதம் சொன்னாள் என்பதை வைத்து அவளை எடை போட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தாளைச் சாக்பீஸ் பொடி தூவி, தூவி, மூன்று வாரம் அழுத்தி வைத்து எண்ணெயை எடுத்தது நான். பிய்ந்த அட்டையை இழை இழையாகச் சேர்த்தது நான். கண்டெடுத்தவன் அவன், பிழைக்கவைத்தவன் நான். ஆகையால் அது என்னுடையது என்று என் மனசு சொன்னது. அவன் மனசும் அதையே வேறு மாதிரி சொல்லியிருக்கும்.

மாடியில் பாயை விரித்துத் தனியாக உட்கார்ந்து பங்கு வைத்தேன். மலரை இடது அடுக்கில் வைத்தேன். அவன் இடதை எடுப்பான். வலது அடுக்கில் வைத்தேன். வலதை எடுப்பான். மலர் இல்லாத அடுக்கில் நல்ல புத்தகமாகக் குவித்துப் பார்த்தேன். அப்போதும் அவன் மலர் இருக்கும் பக்கம்தான் கை வைப்பான். எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைத்தான் செய்வேன். கணக்கு வாத்தியாருக்கு வேறு விடை கிடைக்கவில்லை.

"பங்கு வச்சாச்சாலே? ஆட்டோ வந்துரும்" என்று கீழேயிருந்து மாமா குரல் கொடுத்தார். படியில் அவர் கால் சத்தம் கேட்டது. மலரை எடுத்து வேட்டி மடிப்புக்குள் பாதி சொருகி, கொடியில் கிடந்த சட்டையை மாட்டி எல்லாப் பொத்தானையும் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாமாவும் தம்பியும் மேலே வந்தார்கள். மாமா பத்தமடைச் சந்தையில் பாய் எண்ணுவதுபோல இரண்டு அடுக்கையும் தட்டித் தட்டி எண்ணினார். இங்கே நூற்றாறு, அங்கே நூற்றாறு. "சரிசமம். எடுலே" என்றார். தம்பி எடுக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து புத்தக முதுகுகளைப் பார்த்துக்கொண்டே போனான். உதடு அசைந்தது.

"மாமா, ஒண்ணு குறையுது. தீபாவளி மலரக் காணோம்."

"ஏலே மூத்தவனே, நீதான வச்ச?"

"பெட்டியில இருந்ததெல்லாம் வச்சிட்டேன் மாமா" என்றேன்.

"நிக்கியே, உக்காரேன்."

"இருக்கட்டும் மாமா."

ஓட்டு மாடி, சித்திரை வெயில். முதுகில் வேர்வை ஓடியது. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். மூச்சை விட்டால் புத்தகம் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. மாமா விடுகிற ஆள் இல்லை. பெட்டியை யார் கடைசியாகத் தொட்டது என்று கேட்டார். முந்தின நாள் மாடியைப் பெருக்கிப் பெட்டியைத் துடைத்தது தம்பியின் மனைவி. பங்கு பிரிக்கிற வீடாயிற்றே என்று பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுப் பேப்பர் போட்டவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்து மாமா ஒரு நொடியில் தீர்ப்புக்கு வந்துவிட்டார்.

"ஏளா, இங்கன கொஞ்சம் வா" என்று படியைப் பார்த்துக் கத்தினார். அவள் சமையல்கட்டிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நேத்துப் பேப்பர் போட்டியே, அதுக்குள்ள ஒரு புஸ்தகம் சேந்து போயிருக்கு. பெரிய புஸ்தகமாம்."

"இல்ல மாமா. ஒண்ணொண்ணாப் பாத்துத்தான் போட்டேன்."

"பின்ன எங்கன போவும்? காலு மொளச்சு நடந்தா போவும்? வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆவல, அதுக்குள்ள சாமான் காணாமப் போவுதுன்னா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

அவள் மறுபடியும் "இல்ல மாமா" என்றாள். அவள் அந்தப் புத்தகங்களை எப்படிப் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தை எச்சில் தொட்டுத் திருப்பமாட்டாள். மடியில் துண்டு விரித்து அதன்மேல் வைத்துப் படிப்பாள். அவளைப்போய்ப் பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள் என்கிறார். நான் இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'இங்கே இருக்கு' என்று சொல்லிச் சட்டையைத் தூக்கியிருந்தால் அரை நாள் அவமானத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மாமா முன்னால், தம்பி முன்னால், ஒரு வாத்தியார் வேட்டி மடிப்பிலிருந்து சித்திரக்கதையை உருவி எடுப்பதா?

சும்மா இருந்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. பேசினேன்.

"விடுங்க மாமா. பாவம், தெரியாமப் போட்டிருக்கும்."

இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. பெருந்தன்மை காட்டினேனாம்! அவள் செய்யாத தப்பை நான் மன்னித்துவிட்டேனாம்! அவள் தலையை நிமிர்த்தி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். கண் நிறைந்திருந்தது.

தம்பி எழுந்தான். என் முகத்தைப் பார்த்தான். அப்படியே பார்வை கீழே இறங்கி, கழுத்துப் பொத்தான் முதல் வயிறு வரை வந்து நின்றது. வெயில் காலத்தில் வீட்டுக்குள் நான் சட்டையே போடமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியாதா? சொல்லிவிடப் போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாமா, அவள ஒண்ணும் சொல்லாதீய. இப்பத்தான் எனக்கு ஞாவகம் வருது. போன மாசம் நான்தான் அத ஒருத்தருக்கு மாத்திக் குடுத்தேன்."

"மாத்திக் குடுத்தியா? யாரக் கேட்டுலே குடுத்த? பங்குக்குள்ள பொருள!"

"தப்புத்தான் மாமா."

அதை அவன் மாற்றிக் கொடுப்பதா? கையை வெட்டிக் கேட்டாலும் கொடுக்கமாட்டான். மாமாவுக்கு அது எப்படித் தெரியும்? தரையில் துண்டை அடித்தார். அவள் பக்கம் திரும்பி, "நீ போம்மா, ஒன்மேல ஒண்ணும் இல்ல" என்றார். அது ஒன்றே எனக்கு ஆறுதல். ஆனால் அவர் நிறுத்தவில்லை. தம்பி யாரையும் கேளாமல் பொதுப் பொருளைக் கொடுத்ததால் முதலில் எடுக்கிற உரிமை அவனுக்கு இல்லை, மூத்தவனே எடுக்கட்டும் என்றார். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கவும் சொன்னார்.

"மன்னிச்சிரு அண்ணே" என்றான் தம்பி.

குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பையன்களை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். கேட்கிறவனைவிடக் கேட்கப்படுகிறவனுக்குக் கூசும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்த அடுக்கு வேண்டும் என்று மாமா கேட்டார். ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினேன். குனிந்து எடுக்க என்னால் முடியாது. நான் குனியாததைப் பார்த்து, தம்பியே என் பங்கை அள்ளிப் பெட்டியில் அடுக்கினான், முதுகுகள் ஒரே பக்கம் பார்க்கும்படி, நான் அடுக்குகிற மாதிரியே.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாமான்களைத் தம்பியும் மாமாவும் ஏற்றினார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். தனியாக ஓர் அறைக்குள் போக ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. "அத எடு, இத எங்கன வச்ச" என்று மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

புறப்படும்போது இருவரும் காலில் விழுந்தார்கள். வீட்டுக்கு இப்போது பெரியவன் நான்தானே. தம்பி எழுந்ததும் நெற்றியில் திருநீறு பூசினேன். பாதி அவன் சட்டையில் கொட்டியது. அவன் தட்டிவிட்டுக்கொண்டு, "வருதேன் அண்ணே. மதினிக்குப் பிள்ள பொறந்ததும் தந்தி அடி" என்று சொல்லி ஆட்டோவுக்குப் போய்விட்டான். மாமா பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நெற்றியைக் காட்டினாள். பூசினேன். அவள் போகாமல் நின்றாள். மாமாவின் முதுகை ஒருதரம் பார்த்துவிட்டு, பைய, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அத்தான், ஒங்களுக்கு ரொம்ப வேத்திருக்கு. அத மொதல்ல வெளிய எடுத்து வைங்க. அட்டை ஒட்டிக்கிடும்."

எதை என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "சரிம்மா" என்றேன்.