துளசிங்கத்தின் இடது தோள்

துளசிங்கத்தின் அப்பா ஆர்.கே.பேட்டையிலிருந்து சைக்கிளில் துண்டு மூட்டை கட்டி வந்து, மலைக்கோயிலுக்கு வரும் காவடிக்காரர்களுக்கு விற்றவர். மகன் அந்த மலை அடிவாரத்திலேயே கடை பிடித்தார். முதலில் மஞ்சள் வேட்டி, பிறகு பட்டு. இன்று மாடியில் ஏசி, ஆள் உயரக் கண்ணாடி. புத்தூரிலிருந்துகூடக் கல்யாண வீட்டார் வருகிறார்கள். முகூர்த்தப் புடவையைத் துளசிங்கம் தன் மேலேயே கட்டிக் காட்டுவார். மீசை வைத்த மனிதர் கொசுவம் வைத்து, முந்தானையைப் போட்டுத் திரும்பினால், பெண்வீட்டார் சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவார்கள். கடை வளர்ந்தது அப்படித்தான்.

பங்குனியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். நோயாளி பராமரிப்பில் பயிற்சி பெற்றவள் என்பதால் அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு வைத்தார்கள். பேச்சு தெளிந்தது, நடை வந்தது. தோள் மட்டும் இறங்கியே இருந்தது. வெளியில் டைபாய்டு என்று சொல்லிவைத்தார்கள். வாதம் அடித்த கை தொட்ட புடவையை முகூர்த்தத்துக்கு யார் வாங்குவார்கள் என்று அவர் மனைவி எல்லம்மாளுக்குப் பயம். அவர் கடைக்கு வராததால் பழைய வாடிக்கை வீடுகள் ஏற்கெனவே காஞ்சிபுரம் போகத் தொடங்கியிருந்தன.

ஆவணியில் புத்தூரிலிருந்து ஒரு பெரிய வீட்டார் வருவதாகச் சேதி வந்தது.

"பெரிம்மா, நைனா நிப்பாரா?" என்று என்னைக் கேட்டான் மகன் அசோக்குமார்.

"நிப்பாரு. உன் மூஞ்சிய மொதல்ல சரி பண்ணு. அதப் பாத்தே கேட்டுடுவாங்க," என்றேன்.

நிற்கவும் நடக்கவும் பழக்கினோம். புடவையோடு மட்டும் பழக்கவில்லை. முகூர்த்தப் புடவையின் மடிப்பைப் பெண்வீட்டார் கண்முன்தான் பிரிக்க வேண்டும் என்பது கடை வழக்கம். முந்தானை இடது தோளில் விழும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அத்தை காமேஸ்வரி வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"இன்னாண்ணே, இப்டி எளச்சிட்டீங்க? கல்யாணப் பொண்ணே பொறாமப்படப் போறா!"

"டைபாய்டும்மா."

அரக்குப் புடவையைப் பிரித்து, வலது கையாலேயே கொசுவத்தைச் செருகினார். முந்தானையைப் போட்டார். சரிந்தது. மறுபடி போட்டார். சரிந்தது. வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துப் பெண்கள் சிரித்தார்கள். கல்லாவில் எல்லம்மாள் எண்ணிக்கொண்டிருந்த நோட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கையத் தூக்கிப் புடிங்கண்ணே," என்றாள் காமேஸ்வரி.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். "தூக்க வராதும்மா. வாதம் அடிச்சிட்ச்சி."

சிரிப்பு நின்றது. அவர் திரும்பி, "எல்லம்மா, நீ வந்து கட்டிக் காட்டு," என்றார்.

"நானா? கல்லாவ வுட்டுட்டா?"

"கல்லாவ யாரு தூக்கினு போறா? வா."

கடையில் ஒருநாளும் புடவை கட்டிக் காட்டாதவள் வந்தாள். கொசுவம் கோணியது.

"இன்னும் எறக்கு. கல்யாணத்துக்குப் போறியா, நாத்து நடப் போறியா?" என்றார் துளசிங்கம்.

கல்யாணப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். காமேஸ்வரி மட்டும் தன் ஆட்களோடு ஏதோ கிசுகிசுத்தாள். வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் புடவை எடுத்தார்கள். முகூர்த்தப் புடவைக்கு மட்டும், "தப்பா நெனைக்காதீங்கண்ணே. நீங்க தொடாததா ஒண்ணு குடுங்க," என்றாள்.

எந்த அடுக்கு என்று அவரே வலது கையால் காட்டினார். எல்லம்மாள் எடுத்துப் பிரித்தாள்.

மறுநாள் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு கல்யாண வீடு வந்தது. அவர் கூப்பிடாமலேயே எல்லம்மாள் கல்லாவை விட்டு எழுந்தாள். அவர் நாற்காலியில் அமர்ந்து, எதையும் தொடாமல் வாயாலேயே விற்றார். இடது கையைத் தலையணை மேல் ஏற்றிவைத்தேன். தொங்கவிட்டால் வீங்கும்.