பீலியை அடைத்த துணி

இந்த ஊரில் தண்ணீர் யாருக்கும் காத்திராமல் ஓடுகிறது. கண்டிக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் எனக்கு இது மட்டும் பழகவில்லை. கோப்பிக் கிட்டங்கியில் கணக்கு எழுதிவிட்டு இடுப்பொடியத் திரும்பும்போதும், மேட்டு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவரும் குழாயான, எங்கள் பேட்டை முனையிலுள்ள மூங்கில் பீலி சும்மா கொட்டிக்கொண்டிருக்கும். குடம் வைத்தாலும் கொட்டும், வைக்காவிட்டாலும் கொட்டும். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து படிக்கிறவர்கள், பையன் அளக்கிறான் என்பீர்கள்.

கோப்பிப்பேட்டைக்குப் பெரிய சரித்திரம் கிடையாது. மலைத்தோட்டத்துக் கோப்பியை ஏற்றி வரும் வண்டிகள் பட்டணத்துக்குள் நுழையுமுன் மாடு அவிழ்க்கும் மேடு இது. வண்டிக்காரர்கள் குடிசை போட்டார்கள். கிட்டங்கியில் கோப்பிக்கொட்டை பொறுக்கும் பெண்கள் பக்கத்தில் போட்டார்கள். சேகு நானா அரிசியும் கருவாடும் வைத்துக் கடை திறந்தார். மரத்தடிக் கல் ஒன்று முனியாண்டியானது. வசதி என்றால் இவ்வளவுதான், பீலியையும் சேர்த்து. அது போனால் தண்ணீருக்கு மகாவலி ஆறு வரை இறங்கி ஏற வேண்டும். நாளெல்லாம் குனிந்து கொட்டை பொறுக்கும் பெண்களால் அது ஆகாது, பேட்டை காலியாகிவிடும்.

போன மாதம் அது நடக்கப் பார்த்தது. மேட்டு நிலத்துச் சிங்களவர் அப்புஹாமி, முழங்கால் வரை சேறும் கையில் கத்தியுமாக, பீலியை வெட்டிப்போட வந்து நின்றார். பீலிக்கு வரும் தண்ணீர் தேங்கி, மேலே வாய்க்கால் உடைந்து, அவருடைய நாற்றங்காலை அடித்துக்கொண்டு போயிருந்தது. பீலியின் வாயிலிருந்து ஒரு துணிப்பந்தை உருவிக் காட்டினார்.

“யார் அடைச்ச எண்டு கேக்கிறார்,” என்றார் சேகு நானா. அவர்தான் எங்களுக்குச் சிங்களம்.

“நான்தான்,” என்றாள் கொட்டை பொறுக்கும் வள்ளியம்மை அக்கா. “எல்லாரும் புடிச்ச பொறகு சாயங்காலம் அடைச்சிருவேன். விடிய விடிய வீணாப் போகுதுல்ல.”

“கீழ வயலுக்குத்தானே போகுது, என்ன வீண் எண்டு கேக்கிறார்.”

“நாளைக்கு வரலைன்னா?”

நானா அதைச் சொன்னார். அப்புஹாமி திரும்பவும் சொல்லச் சொன்னார். இரண்டாம் முறையும் அவருக்கு விளங்கவில்லை.

படித்தவன் நான் சும்மா இருப்பேனா? முறை போட்டுக் காவல் இருக்கிறோம், பலகை அடித்துப் பூட்டே போட்டுவிடுகிறோம் என்று அடுக்கினேன்.

“தம்பி, பூட்ட வேணாம் எண்டுதானே மனுசன் கத்தியோட நிக்கிறார்,” என்றார் நானா.

அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து ஊர். கண்மாய் காய்ந்து வெடித்த வருஷம், ஊற்றுக்குழியில் ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊறும்வரை சுற்றி உட்கார்ந்திருப்போம். முறை தப்பி மொண்டதற்காக அண்ணன் தம்பி பேச்சை விட்டதையும் பார்த்திருக்கிறோம். அதை எந்தச் சிங்களத்தில் சொல்வது?

சுற்றிக் குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு அப்புஹாமி கத்தியை இடுப்பில் செருகினார். துணியை அக்காவிடமே நீட்டி ஏதோ சொன்னார்.

“இன்னொருக்கா அடைச்சா பீலியை வெட்டுவாராம். அடைக்க மாட்டன் எண்டு உங்கட வாயால சொல்லுங்க புள்ளே.”

“அடைக்க மாட்டேன்,” என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, “அதுக்காக அது வீணாப் போறத என்னைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லாதீங்க.”

இப்போது சாயங்காலங்களில் குடத்தை இறக்கியதும் அவள் பீலிக்கு முதுகைக் காட்டி, ஊரை விட்டு நாங்கள் நடந்து வந்த மாத்தளை ரோட்டைப் பார்த்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். அலுப்பாக இருக்கும் நாட்களில் நானும் பக்கத்தில் உட்காருகிறேன். முன்னால் கோப்பி வண்டிகள். பின்னால் தண்ணீர் கொட்டுகிறது. அக்காவின் மடியில் அந்தத் துணி, காய்ந்தும் பந்தாகவே இருக்கிறது.