சிவகங்கைக்குப் பேருந்தில் போன குட்டி நாற்காலி

பொங்கல் முடிந்த வாரம் காரைக்குடிக்குப் போனேன். பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க அல்ல. பெண்கள் நடத்தும் சிறு தொழில்கள் அரசு டெண்டரில் போட்டியிட உதவுவது என் வேலை. இந்த முறை உமா அக்காவின் தச்சுப் பட்டறை. அவரும் அங்குள்ள மூன்று பெண்களும் இதுவரை ஓர் ஒப்பந்ததாரரிடம் பாலிஷ் வேலை மட்டும் வாங்கிச் செய்தவர்கள். அங்கன்வாடி நாற்காலி டெண்டர் கிடைத்தால் சொந்தமாக நிற்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி அந்த ஒப்பந்ததாரர் வாசல்தான்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறரைப் பேருந்து. மேலூர், திருப்பத்தூர் வழியாக இரண்டேகால் மணி நேரம். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது.

பட்டறையில் மாதிரி நாற்காலி தயாராக இருந்தது. தூக்கிப் பார்த்தேன், இரண்டு கையும் வேண்டியிருந்தது. இந்த ஊரில் மரச்சாமானுக்குக் கனம்தான் மரியாதை. டெண்டரிலோ எடை மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. தராசு ஐந்தரை காட்டியது.

"லேசா இருந்தா நம்மூர்ல யாரு மதிப்பா?" என்றார் அக்கா.

குழந்தையே இழுத்துப் போட்டு உட்கார வேண்டுமே என்றேன். அக்கா நாற்காலியை ஒற்றைக் கையால் தள்ளிப் பார்த்தார். "இத நகட்டணும்னா பிள்ளையோட அப்பன்ல வரணும்" என்று சிரித்துவிட்டு இழைப்புளியை எடுத்தார்.

மறுநாள் மதியத்துக்குள் மாதிரியைச் சிவகங்கை மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கால்களை இழைத்து மெலிதாக்கினார்கள். பலகைக்குப் பதில் சட்டங்கள் வைத்தார்கள். இணைப்புகளில் மட்டும் கை வைக்கவில்லை. காலையில் எடை மூன்றுக்குச் சற்றுக் கீழே.

சிவகங்கைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்தில் ஒரு சிறுமி எங்கள் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இறங்கும்போது திருப்பி வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அக்காவின் முகம் அப்போதே தெளிந்துவிட்டது.

அலுவலகத்தில் அதே ஒப்பந்ததாரர், போட்டிக்குத் தன் மாதிரியோடு. நல்ல ஆகிருதி. "என்னம்மா, கொலுவுல வைக்கவா கொண்டு வந்திருக்கீக?" என்றார்.

"உக்காந்து பாருங்கண்ணே."

கேலியாகத்தான் உட்கார்ந்தார். நாற்காலி முனகக்கூட இல்லை. சோதிக்க வந்த அலுவலர் குனிந்து இணைப்புகளைப் பார்த்தார். ஒப்பந்ததாரர் எழுந்திருக்கத்தான் அக்கா கை கொடுக்க வேண்டியிருந்தது.

இப்படிப் போட்டியிட நினைப்பவர்கள் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முதலில் முடியுங்கள். டெபாசிட் விலக்கு உண்டா என்று கேளுங்கள். பொருளின் விவரக்குறிப்பைப் படித்த பிறகே மரத்தைத் தொடுங்கள். நம் கைக்குப் பழகிய தரம் வேறு, பயன்படுத்தப் போகிறவருக்குத் தேவையான தரம் வேறு என்பது எனக்கும் அங்கேதான் உறைத்தது.

விலைப்புள்ளி உறைகளைத் திறந்த அன்று அக்கா போன் செய்தார். ஆர்டர் அவர்களுக்குத்தான்.

"அண்ணனும் பேசுனாரு. பாலிஷ் வேலை இருந்தா சொல்லுங்கன்னாரு. யோசிச்சுச் சொல்றேன்னுருக்கேன்."

பின்னால் மூன்று பெண்கள் சிரிப்பது கேட்டது.