ஜீப் கிளம்புவதற்குள்

வெள்ளிமலைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். காலை வரிசையில் பெண்களும் பிள்ளைகளும்தான் நிற்பார்கள். எங்கள் வாரமும் அவர்களுக்காகவே அமைந்திருந்தது. ஒரு நாள் தடுப்பூசி, ஒரு நாள் கர்ப்பிணிகள். ஆண்கள் ஏன் வருவதே இல்லை என்ற கேள்வி என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை.

குழந்தைக்கு இருமல் மருந்து வாங்க வந்த ஒருத்தியிடம் கேட்டேவிட்டேன்.

"அவுங்க எங்கம்மா ஊர்ல இருக்காங்க? கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போய்க்கினும் வந்துக்கினும் கெடக்கறாங்க. எங்க வூட்டுக்காரருக்கு தல சுத்தல் ஜாஸ்தியா இருக்குது. சொன்னா எங்க கேக்கறாரு?"

எங்கள் நிலையத்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அப்ப அவுங்கள ஏத்திக்கிட்டுப் போற ஜீப் நிக்கிற எடத்துக்கே போயிடலாம்" என்றார்.

அடுத்த முறை ஆட்கள் கிளம்பிய விடியற்காலையில், ஜீப் நிற்கும் டீக்கடை பெஞ்சில் ரத்த அழுத்தக் கருவியோடு உட்கார்ந்தோம். ஒருவரும் கிட்டே வரவில்லை. ஆட்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரி, "நேரமாவுது, ஏறுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

இருமல் மருந்து வாங்கிய பெண் கணவரை இழுத்துக்கொண்டு வந்தாள். அளந்தேன். அழுத்தம் அவ்வளவு ஏறியிருந்தது; நம்ப முடியாமல் மறு கையிலும் அளந்தேன். டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இன்னிக்குப் பயணம் வேணாங்க. எங்ககூட வாங்க."

"நான் போவலன்னா வேற ஆள ஏத்திக்குவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அவள் ஜீப்பின் பின்பக்கம் போய் அவர் பையை உருவித் தலையில் வைத்துக்கொண்டு, சுகாதார நிலையத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். ஜீப்பே சிரித்தது. "இன்னாடி பண்ற!" என்று கத்தியபடி அவர் இறங்கி அவள் பின்னால் ஓடினார். சிரித்தவர்களில் சிலர் இறங்கிவந்து கை நீட்டினார்கள்; பாதிப் பேரை அளப்பதற்குள் மேஸ்திரி ஜீப்பைக் கிளப்பிவிட்டார்.

அழுத்தம் இறங்கும்வரை எங்கள் கண்காணிப்பில் இருந்தார். அடுத்த ஜீப்பில், வேலை முடியும்வரை தாங்கும் அளவுக்கு மாத்திரைகளோடு போனார். அப்படி மொத்தமாகக் கொடுக்க டாக்டரம்மா மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கியிருந்தார். இப்போது ஜீப் கிளம்பும் நாளெல்லாம் அந்த பெஞ்ச் எங்களுடையது.

ஆனால் முதல் நாள் அந்த ஜீப்பில் போனவர்களில் பாதிப் பேரை நான் அளக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவர் பிடரியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்; அழுத்தம் ஏறினாலும் பிடரி வலிக்கும். அவர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.